இலைமேல் இலை

ஒருவர் சாப்பிட்டு மிச்சம் வைத்ததைக் கையால் துழாவிய பிறகு, அவரைப் பார்த்துக் குனிந்து வணக்கம் சொல்ல மனசு வராது. அன்று நான் நான்கு பேருடைய மிச்சத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

இடம், ஜப்பானின் அரித்தா ஊரில், மேட்டுத் தெருவில் நவாதே சாஹோவின் பீங்கான் சூளை. சூளைக்குப் பின்னால், பன்றிப் பண்ணைக்காரருக்காகச் சமையல்காரர் ஒதுக்கி வைத்திருந்த கழுநீர் வாளி. ஜூன் மழையின் புழுக்கத்தில் முந்தின நாளிலிருந்து மூடியே கிடந்தது. மூடியைத் திறந்ததும் ஈக்கள் என்னைச் சொந்தக்காரன்போல வரவேற்றன.

"மேடம், மூளை வேணும்னு சொல்லித்தானே என்னை வேலைக்கு எடுத்தீங்க?"

"மூளை என்கிட்ட இருக்கு. உன்கிட்ட கை இருக்கு. நல்லா அடி வரைக்கும் விடு, ஓகுஷி."

மிட்சுதாகே மேடம் குடையைப் பிடித்துக்கொண்டு காற்று வீசும் பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டார். தன் கடைக்குத் தானே தீ வைத்துவிட்டுக் கண்ணீர் விடுகிறவர்களைக் கண்டுபிடிப்பதற்காக ஒரு காப்பீட்டுக் கம்பெனி அவரை இருபது வருடம் வைத்திருந்தது. இப்போது ரயிலடி மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். உதவியாளன் நான் ஒருவன்தான். எங்கள் இருவரில் வாந்தி வருகிறவனும் நான் ஒருவன்தான்.

எதற்காக இந்த வாளி என்றால், முந்தின நாள் மதியம் இந்தச் சூளையில் ஒரு விருந்து. மழைக்காலத்துக்கென்று சாஹோ புதிதாகச் செய்த தட்டுகளை அறிமுகப்படுத்தும் விருந்து. நத்தை வடிவத்தில், சாப்பிடும் குச்சிகளை வைக்கும் தாங்கி, நீர் வளையம் வளையமாக விரியும் கிண்ணம். எல்லாவற்றுக்கும் மேலாக, அஜிசாய் இலை வடிவில் ஒரு பச்சைத் தட்டு. மழைக்காலத்தில் ஊரெல்லாம் நீலப் பந்து பந்தாகப் பூக்குமே, அந்தச் செடியின் இலை. அவள் வீட்டுச் செடியில் நத்தை கடித்த இலை ஒன்றைப் பார்த்துச் செய்தாளாம். ஓரத்தில் அந்தக் கடிவாய்கூட அப்படியே இருந்தது.

அந்தத் தட்டில் ஆயு என்கிற ஆற்று மீன் வறுவல் பரிமாறினார்கள். சாப்பிட்ட நான்கு பேரும் அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது: அந்தப் பச்சை மெருகு விஷம். உடனே சாஹோ எங்களைக் கூப்பிட்டாள்.

"மெருகுல ஈயமே இருந்தாலும் சோறு தின்னு ஏப்பம் விடறதுக்குள்ள அது வேலை காட்டாது. இது வயித்துக்குள்ள போன ஏதோ ஒண்ணு" என்று மேடம் நேற்றே சொல்லிவிட்டார். ஆனால் சுகாதார அலுவலகத்தின் முடிவு வர நாளாகும். பக்கத்து ஊரான உரேஷினோவில் வெந்நீர் ஊற்று விடுதிகள் வைத்திருக்கும் ஹாமாசாகி குடும்பம், தங்கள் எல்லா விடுதிகளுக்கும் இந்தத் தட்டுகளையே எடுப்பதாக இருந்தது. இன்று மாலை முடிவைச் சொல்கிறோம் என்றிருந்தார்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் இந்த ஊரில் சாஹோவின் தட்டில் நாய்கூடச் சாப்பிடாது.

விரலில் ஏதோ தடித்த இலை தட்டுப்பட்டது.

வெளியே எடுத்தேன். முழு இலை. மீனின் தலையையும் முள்ளையும் உள்ளே வைத்து, ஒழுங்காக இரண்டாக மடித்து, காம்பையே ஊசியாக்கி இலையில் குத்தி முடிந்திருந்தது. கல்யாணத் தாம்பூலப் பொட்டலம்கூட இவ்வளவு நறுவிசாக இருக்காது. அதன்மேல் ஒரு புழு நெளிந்துகொண்டிருந்தது.

மேடம் புழுவைக் குடை நுனியால் தள்ளிவிட்டுக் குனிந்து மோந்து பார்த்தார். அந்த அம்மாளுக்கு வயிறு இருக்கும் இடத்தில் இரும்புப் பெட்டிதான் இருக்க வேண்டும்.

"மீனுக்கு வைக்கிற ஷிசோக் கீரைன்னா வாசனை இருக்கும். இதுல வாசனையே இல்ல. இது அஜிசாய் இலை, ஓகுஷி. நிஜ இலை."

"தட்டுதானே அஜிசாய்?"

"தட்டுமேல இலையும் அஜிசாய். தின்னா குடலைப் பிடுங்கிக்கிட்டு வரும்."

நான் கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். நாற்றம் போகவில்லை.

*

சமையலறை வாசலில் சாஹோ மணைக்கட்டையில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது தாண்டியவள், முகம் கழுவிப் போட்ட துணிபோல வெளுத்திருந்தது. அவளும் அந்த மீனைச் சாப்பிட்டவள்தானே. பக்கத்தில் சமையல்காரர் கோமோரி, செய்யாத குற்றத்துக்குத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"நீங்க தட்டுல இலை வெச்சீங்களா?" என்று மேடம் கேட்டார்.

கோமோரிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "இலைத் தட்டுமேல இலையா? என்ன பேச்சும்மா பேசறீங்க? மீன் தட்டுமேல மீன் படம் போட்ட துணியை விரிப்பானா எவனாவது? எங்க வாத்தியார் இருந்திருந்தா கரண்டியாலயே மண்டையில போட்டிருப்பார். மீன், ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான் வெச்சேன்."

"தட்டு திரும்பி வந்தப்ப இலையைப் பாக்கலையா?"

"அப்ப கூடத்துல எல்லாரும் வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. எதைப் பாக்கறது? அப்படியே வாளியில கவுத்துட்டு ஓடினேன்."

மேடம் சாஹோ பக்கம் திரும்பினார். "நீ பார்த்தியா?"

"பார்த்தேன் மேடம்." அவள் காற்றில் விரலால் வரைந்து காட்டினாள். "இலை நுனி இடது பக்கம், காம்பு வலது பக்கம், என் தட்டோட நரம்புமேல நரம்பு பொருந்தறாப்பல இருந்தது. பரிமாறறதுக்கு முன்னாடி நான் பேசினப்ப, 'இலையை மட்டும் விட்டுடுங்க, அது பீங்கான், மத்ததெல்லாம் சாப்பிடலாம்'னு ஜோக்கா சொன்னேன். உடனே இலையோட தட்டு வந்ததா, எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க என்னோட வேடிக்கைன்னு நினைச்சாங்க. நான் கோமோரி ஐயாவோட வேடிக்கைன்னு நினைச்சேன்."

"தின்னப்ப தடிப்பா இருந்திருக்குமே?"

"செருப்பு மாதிரி இருந்தது. விருந்தாளிங்க பேசாம சாப்பிடறாங்க, வீட்டுக்காரி துப்ப முடியுமா? முழுங்கிட்டேன். அவங்களும் எனக்காக முழுங்கியிருப்பாங்க."

இதுதான் எங்கள் ஊர். ஒருத்தர் மனசு நோகக் கூடாதென்று எல்லோரும் விஷத்தை மென்று, 'அருமை' என்றும் சொல்வார்கள்.

"யார் யார் எங்க வாந்தி எடுத்தீங்க?" என்று கேட்டேன். நாற்றம் பிடித்த கேள்வியெல்லாம் என் பங்கு.

"நானும் ஹாமாசாகி ஐயாவோட சம்சாரம் ரிட்சுகோ அம்மாவும் பாய்மேலயே. கவாசோயே பெரியவர் தோட்டத்துல. ஹாமாசாகி ஐயா மட்டும் மரியாதையா வாயைப் பொத்திக்கிட்டுக் கழிவறைக்குப் போயிட்டார்."

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நடை. அங்கே ஒரு பலகையில்தான், அவள் பேசி முடித்துத் தானே எடுத்து வந்து பரிமாறும்வரை தட்டுகள் காத்திருந்தன. நடையின் கோடியில் கழிவறை. நடையை ஒட்டி, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் அஜிசாய்ப் புதர். அதில் காம்போடு கிள்ளிய வடு பளிச்சென்று தெரிந்தது. பேச்சின் நடுவே எழுந்து போனவர்கள் இருவர். ஹாமாசாகி ஒருவர். பக்கத்துச் சூளைக்காரர் கவாசோயே இன்னொருவர்.

"கெட்ட கை, ஆனா பழகின கை" என்றார் மேடம். "இலைமேல இலை வைக்கக் கூடாதுங்கறதை மீறினான். நுனி இடது பக்கம் இருக்கணும்ங்கறதை மீற முடியல. திருட வந்த வீட்டு வாசல்ல செருப்பைத் திருப்பி அழகா வெச்சுட்டுப் போன மாதிரி. அப்புறம் இந்த மடிப்பு. மத்தவங்க இலையைத் தின்னாங்க. தின்னாதவன், மீன் முள்ளு கண்ணுல படக் கூடாதுன்னு அதே இலையால மூடி மடிச்சு வெச்சான். நாலு பேர் வாந்தி எடுத்ததா சொல்றாங்க. ஒருத்தனோட வாந்தி பொய்."

வாசலைத் தாண்டும்போது கால் எதிலோ இடறியது. கதவோரம் வரிசையாகக் காகிதப் பொட்டலங்கள். பிரித்துப் பார்த்தேன். எல்லாம் சாஹோ செய்த தட்டுகள். தெருக்காரர்கள் வாங்கி வருடக்கணக்காகச் சாப்பிட்டவை, கழுவித் துடைத்து, 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி எழுதி, சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. இந்த மரியாதையைப் பார்க்கையில்தான் எனக்குக் குமட்டியது.

*

போகிற வழியில் மேடம் ஒரு பெட்டி இலைக் கொழுக்கட்டை வாங்கினார். அரிசி மாவுக்குள் பயறுப் பூரணம், சுற்றி ஓக் மரத்து இலை.

"அந்த நாத்தத்துக்கு அப்புறம் உங்களுக்குப் பசிக்குதா?"

"நோயாளியைப் பாக்கப் போறப்ப வெறுங்கையோட போகக் கூடாது. கொழுக்கட்டையைத் தின்னுட்டு இலையை என்ன பண்றாங்கன்னு மட்டும் பாரு. மூளை பொய் சொல்லும், விரல் சொல்லாது."

கவாசோயே தன் பட்டறையில் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே படுக்கை போட்டிருந்தார். கழுத்துவரை தாடி. தலைமாட்டில் ஒரு வாளி. இன்றைக்கு எனக்கு வாளி ராசி போலும்.

"அந்தப் பொண்ணு அனுப்பிச்சுதா? போய்ச் சொல்லுங்க, விஷம்னு ஊர்ல சொன்னது நான்தான். வாந்தி எடுத்தவன் வேற என்னத்தைச் சொல்லுவான்? ரோஜாவா இருந்ததுன்னா?"

"உங்களுக்கு அவ தட்டு பிடிக்காதோ?" என்றார் மேடம்.

"பிடிக்காதா?" கிழவர் எழுந்து உட்கார்ந்தார். "நாப்பது வருஷமா இலை பண்றேம்மா நான். நத்தை கடிச்ச இலையைப் பண்ணணும்னு எனக்குத் தோணிச்சா? பாத்ததுமே வயிறு எரிஞ்சுது. அப்புறம்தான் வாந்தி."

கொழுக்கட்டையை எடுத்தார், இலையை உரித்தார், கசக்கி உருட்டி மூலையில் எறிந்தார். ஒரு கடி கடித்தார். முகம் பச்சையாயிற்று. அவர் வாளியைப் பிடிக்க, நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அந்தச் சத்தத்தை எந்த நடிகனாலும் நடிக்க முடியாது.

"பொறாமை பிடிச்ச கிழம்" என்றேன் தெருவுக்கு வந்ததும்.

"ஆமா. ஆனா நேர்மையான வாந்தி" என்றார் மேடம். "காரை எடு. உரேஷினோ."

*

ஹாமாசாகி எங்களை விடுதியின் உள்கூடத்தில் வரவேற்றார். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம், சுருக்கம் விழாத கிமோனோ. ஒரு கையை வயிற்றின்மேல் வைத்தபடியே தேநீர் ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி ரிட்சுகோ படுத்திருந்தார். விடுதிகள் அந்த அம்மாளுடையவை. அவருடைய அப்பா கட்டியவை. ஹாமாசாகி என்கிற பெயர்கூட அந்தக் குடும்பத்துப் பெயர்தான். இவர் வீட்டோட மாப்பிள்ளையாக வந்து அதைச் சூட்டிக்கொண்டவர்.

"ராத்திரி பூரா நான்தான் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டேன். கஞ்சிகூட நான்தான் ஊட்டினேன்" என்றார். குரலில் தேன் வழிந்தது. "சாஹோமேல எங்களுக்கு வருத்தம் இல்லை. ஆனா அந்தத் தட்டோட பேரைக் கேட்டாலே என் மனைவிக்குக் குமட்டுது. நீங்களே அந்தப் பொண்ணுகிட்டப் பக்குவமா சொல்லிடுங்க."

மேடம் கொழுக்கட்டைப் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தினார்.

அவர் இலைகளைப் பார்த்தார். பிறகு புன்னகை செய்தார். "மன்னிக்கணும். வயிறு இன்னும் சரியாகலை."

தொடவே இல்லை. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பொறி காலி, எலி பக்கத்திலேயே உட்கார்ந்து எங்களுக்கு உபசாரம் செய்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நாங்கள் குனிந்து விடைபெற்றுக்கொண்டு, சாஹோவிடம் போய்ப் பக்குவமாகச் சொல்ல வேண்டியதுதான்.

"யாருங்க அது? கொழுக்கட்டை வாசனை வருதே?" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல ரிட்சுகோ, நீ தூங்கு."

"நேத்துலேர்ந்து கஞ்சியாக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு. கதவைத் திறங்க."

வேறு வழியில்லாமல் திறந்தார். ரிட்சுகோ அம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். கண்கள் குழி விழுந்திருந்தாலும் முதலாளியம்மாளின் பார்வை போகவில்லை. தலைமாட்டில் மாத்திரைகள் ஒரு சின்னத் தட்டில் இருந்தன. அதுவும் பச்சை. அதுவும் இலை.

மேடம் எதையும் பார்க்காதவர்போலத் தன் கைப்பேசியை எடுத்தார். "அம்மா, நீங்க பெரிய இடத்துப் பழக்கவழக்கமெல்லாம் தெரிஞ்சவங்க. இலையை இப்படி மடிக்கிறது எந்த ஊர் வழக்கம்?"

வாளியிலிருந்து எடுத்ததும் நான் பிடித்த படம். புழு மட்டும் படத்தில் இல்லை.

ரிட்சுகோ அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "ஊர் வழக்கம் எதுவும் இல்லீங்க. இது எங்க அப்பாவோட மடிப்பு. காம்பையே ஊசியாக் குத்துவார். இவர் மாப்பிள்ளையா வந்த புதுசுல, மடிப்பு கோணினா குச்சியால விரல்லயே தட்டுவார். அப்பாவுக்கு அப்புறம் இப்படி மடிக்கிறது இவர் ஒருத்தர்தான். என்கிட்ட அந்தப் பொறுமை கிடையாது." அவர் படத்தை இன்னும் கிட்டத்தில் பிடித்தார். "இது ஓக் இலை இல்லையே? என்ன இலை?"

"நேத்து உங்க தட்டுலயும் இருந்த இலை. நீங்க தின்னீங்க. இது தின்னாம மடிச்சது."

ஹாமாசாகி கிண்ணத்தைக் கீழே வைத்தார். அப்போதும் சத்தம் வரவில்லை.

"யாரோ மடிச்சதை..." என்று தொடங்கினார்.

"அந்த மாத்திரைத் தட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?" மேடம் மாத்திரைகளைப் பாயில் கொட்டிவிட்டுச் சின்னத் தட்டை எடுத்தார். பையிலிருந்து சாஹோவின் தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே நரம்பு. அதே ஓரம். ஓரத்தில் அதே நத்தைக் கடி. ஆனால் எல்லாமே ஒரு சுற்று சின்னது. "சுட்டு முடிச்ச தட்டுமேல அச்சு எடுத்தா இப்படித்தான். புது மண்ணு சூளைக்குள்ள இன்னொரு தடவை சுருங்கும். பிள்ளை தாயைவிடச் சின்னதா பொறக்கும். இது யார் சூளையோடதும்மா?"

"இவரோட கூடப்பிறந்த தம்பி சூளை." ரிட்சுகோ அம்மாளின் குரல் மெதுவாகத்தான் வந்தது. "சாஹோ மாதிரிக்கு ஒரு தட்டு எங்களுக்கு முன்னாடியே அனுப்பியிருந்தா. போன மாசம் இவர் இதைக் கொண்டு வந்து காட்டினார். இதையே எல்லா விடுதிக்கும் எடுத்துக்கலாம்னார். நான் சாஹோவோடதைத் தவிர வேறெதுவும் வேண்டாம்னு சொல்லிட்டேன். இன்னிக்குக் காலையில மாத்திரையை இதுல வெச்சுக் குடுத்து, 'இது நம்ம தம்பியோடது, பயப்படாம சாப்பிடு'ன்னார்."

கோழி திருடியும் கூடவே குலாவுகிறான் என்பார்கள். கழுநீர் வாளியைத் துழாவியபோதுகூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

"ரிட்சுகோ, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. ஒரு நாள் வயித்துப்போக்கு, அவ்வளவுதான். உயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்..."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. அவர் முகத்தில் அப்போதுதான் முதல் முறையாக ஒரு சுருக்கம் விழுந்தது.

ரிட்சுகோ அம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"இலை தடிப்பா இருக்குன்னு நான் வாயிலேர்ந்து எடுக்கப் போனேன். 'சாஹோ மனசு நோகும், முழுங்கிடு, நல்ல மணமா இருக்கு'ன்னீங்க. நீங்க சொன்னதுக்காகத்தான் முழுங்கினேன்." கணவரின் கையைப் பார்த்தார். "ராத்திரி பூரா இந்தக் கையாலதானே கஞ்சி ஊட்டினீங்க?"

அந்த அம்மாள் வாயைப் பொத்தினார். ஹாமாசாகி பழக்கதோஷத்தில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பாய்ந்தார்.

"நீங்க வேண்டாம். ஓகுஷித் தம்பி, நீ பிடி."

பிடித்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உள்ளே இருந்தது எல்லாம் வந்து முடிந்தது. இலை நேற்றே போய்விட்டது, இது வேறு வாந்தி.

வாயைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாள் நேராக உட்கார்ந்தார். சின்னத் தட்டைத் தள்ளிவிட்டு, சாஹோவின் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நுனியை இடது பக்கம் திருப்பினார்.

"சாஹோவைக் கூப்பிட்டுச் சொல்லுங்க, தட்டெல்லாம் எங்களுக்குத்தான். நாளைக்கு அவங்க கூடத்துலயே, அரித்தா சூளைக்காரங்க எல்லாரையும் உக்கார வெச்சு, அதே ஆயு மீனை இதே தட்டுல நான் சாப்பிடறேன். கோமோரியே சமைக்கட்டும்." பிறகு கணவர் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "நீங்களும் வரணும். எல்லார் முன்னாடியும் அந்த இலையை மடிச்சுக் காட்டணும்."